பழைய லேப்டாப்புக்கு எந்த ரேம்?

பத்து வருடப் பழைய லேப்டாப் திணறினால் முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டும். அடுத்து ரேம். இந்த இரண்டையும் செய்துவிட்டால் நல்ல மெஷின் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். குப்பைக்குப் போக வேண்டியதே இல்லை. எஸ்எஸ்டி வாங்குவதில் பெரிய தலைவலி கிடையாது. ரேம் அப்படியில்லை. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், இரண்டு பக்கக் கிளிப்பும் மாட்டிக்கொள்ளும், பவர் பட்டனை அழுத்தினால் திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். ரேமிலும் பழுதிருக்காது, லேப்டாப்பிலும் பழுதிருக்காது. ஒன்றுக்கொன்று ஒத்துவராது, அவ்வளவுதான்.

ரேமோடு பேசுவது மெமரி கன்ட்ரோலர் என்ற பகுதி. கோர் 2 டியோ காலத்தில் அது மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. ஐ3, ஐ5, ஐ7 என்று வந்த வரிசையில் பிராசஸரோடு சேர்ந்துவிட்டது. எந்த ரேம் ஓடும், எவ்வளவு ஓடும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. அதனால் கடைக்குப் போகும்முன் லேப்டாப்பின் மாடல் பெயரையும் பிராசஸர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஐ5’ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் தெரியாது; ‘ஐ5-3320எம்’ என்றால் மூன்றாம் தலைமுறை என்று கடைக்காரருக்கு உடனே புரியும்.

டிடிஆர் தலைமுறை மாறினால் குழப்பமே வராது. லேப்டாப் ரேமில் டிடிஆர்2-க்கு 200 பின், டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவே உள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால் தப்பான தலைமுறை உள்ளே நுழையாது. சிக்கல் டிடிஆர்3-க்குள்ளேயேதான். சாதாரண டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடுவது. இரண்டுக்கும் அதே 204 பின், அதே வெட்டு. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

லெனோவா திங்க்பேட் வரிசையில் எக்ஸ்230, எக்ஸ்240 என்ற இரண்டு மாடல்களைப் பாருங்கள். முன்னது 2012-ல் வந்தது: மூன்றாம் தலைமுறை பிராசஸர், இரண்டு ஸ்லாட், 16 ஜிபி வரை போடலாம். அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்240-ல் நான்காம் தலைமுறை பிராசஸர், ஸ்லாட் ஒன்றே ஒன்று, கேட்பது 1.35 வோல்ட் ரேம். எக்ஸ்230-ல் நன்றாக ஓடிய 1.5 வோல்ட் ரேமைக் கழற்றி இதில் போட்டால் ஏற்காது. தலைகீழாகச் செய்தால் பிரச்சினை இல்லை, ஏனென்றால் டிடிஆர்3எல் ரேம் பொதுவாக 1.5 வோல்ட்டிலும் ஓடும். எது வேண்டும் என்று சந்தேகம் இருந்தால் ‘எல்’ உள்ளதையே வாங்குங்கள். என்னைக் கேட்டால், டிடிஆர்3 லேப்டாப் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் காசு மிச்சம்.

இதை ரேமின் லேபிளிலேயே படிக்கலாம். ‘8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்’ என்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். பிசி3 என்பது டிடிஆர்3. பக்கத்தில் உள்ள எல், 1.35 வோல்ட். 12800-ஐ எட்டால் வகுத்தால் 1600, அதுதான் வேகம். கடைசி எஸ், லேப்டாப்பில் போடும் சிறிய ரேம் என்பதற்கான அடையாளம். 2ஆர்எக்ஸ்8 என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதில் 16 சிப்கள், இரண்டு தொகுதியாக இருக்கின்றன என்று பொருள். 1ஆர்எக்ஸ்8 என்றால் எட்டே சிப்கள்.

சிப் எண்ணிக்கையால் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். 4 ஜிபி ரேமை 16 சிப்பில் செய்தால் ஒவ்வொரு சிப்பும் 2 கிகாபிட். அதையே எட்டு சிப்பில் செய்தால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட். முதல் தலைமுறை ஐ3, ஐ5 லேப்டாப் பிராசஸர்களுக்கு 2 கிகாபிட் சிப் வரைதான் தெரியும். டிடிஆர்3, 4 ஜிபி என்று கேட்டு வாங்கிய ரேமில் எட்டு சிப்தான் இருந்தால் அந்த லேப்டாப் முழுதாக ஏற்காது. இதே கதை மேலேயும் தொடர்கிறது: ஒரே ரேமில் 16 ஜிபி கொண்ட டிடிஆர்3எல், ஐந்தாம் தலைமுறை இன்டெல்லில் ஓடும், நான்காவதில் ஓடாது. ஆறாம் தலைமுறைக்கு வந்தால் பிராசஸர் எண்ணை மட்டும் நம்ப முடியாது. அது டிடிஆர்4, டிடிஆர்3எல் இரண்டையும் ஏற்கும். லேப்டாப் கம்பெனி எந்த ஸ்லாட்டை வைத்ததோ அதுதான் கணக்கு.

கம்பெனி சொல்லும் உச்ச அளவும் எப்போதும் கடைசி வார்த்தை ஆகாது. 2012-ன் 13 அங்குல மேக்புக் ப்ரோவுக்கு (ரெட்டினா திரை இல்லாத மாடல்) ஆப்பிள் சொன்னது 8 ஜிபி. 16 ஜிபி போட்டுப் பலர் ஓட்டுகிறார்கள். மறுபக்கம், மேக்புக் ஏர் எதிலும் ரேமை மாற்றவே முடியாது, போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். சில லேப்டாப்புகளில் பாதி பற்றவைத்தது, பாதி ஸ்லாட். திங்க்பேட் டி440எஸ்-ல் 4 ஜிபி போர்டிலேயே இருக்கும். ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபி போட்டு 12 ஆக்கலாம்.

பின்பக்கத்தைத் திறக்காமலே ஓரளவு பார்க்கலாம். விண்டோஸ் 10-ல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று காட்டும். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் அது பற்றவைத்த ரேம். 32 பிட் விண்டோஸ் போட்டிருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். அதில் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

வேகம் வேறுபட்ட இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும், கெடுதல் இல்லை. ஒரே அளவில் இரண்டு போட்டால் இரட்டைச் சேனலில் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய ரேம் வாங்குகிறீர்கள் என்றால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே போட்டுப் பாருங்கள். மாற்றித் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் விடக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, பிழை காட்டுவதை மட்டும் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.