தம்புன் பொமேலோவும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்

ஆயர் தாவாரிலிருந்து ஈப்போ பக்கம் போனால், தம்புன் சாலையோரக் கடைகளில் தொங்கும் பொமேலோவை, அதாவது நம் பம்ளிமாஸை, வாங்காமல் வர மனசு கேட்காது. ஆனால் வீட்டில் யாராவது சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு உரியுங்கள். கிரேப்ஃபுரூட்டைப் போலவே பொமேலோவிலும் உள்ள ஃபுரானோகூமரின், குடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். ரத்தத்தில் மருந்து அளவுக்கு மேல் ஏறும். தசைவலி வரலாம்; அரிதாகத் தசையே சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகமும் கெடலாம். காலையில் பழம், இரவில் மாத்திரை என்ற கணக்கும் உதவாது. பாதிப்பு ஒரு நாளைத் தாண்டியும் நீடிக்கும். ரோசுவாஸ்டாட்டின் என்ற மற்றொரு கொலஸ்ட்ரால் மருந்துக்கு இந்தச் சிக்கல் இல்லையென்றே சொல்லலாம்.

இன்னொன்று, நம் வட்டாரத்துச் சமாச்சாரம். சித்தியவான், ஆயர் தாவார் ஃபூச்சோ சீனர்களின் சிவப்பு ஒயின் மீ சுவா நூடுல்ஸுக்கு நிறம் தருவது சிவப்பு ஈஸ்ட் அரிசி. அதில் உருவாகக்கூடிய மொனக்கோலின் கே வேறொன்றுமில்லை, 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தேதான்! ஒரு கிண்ணம் மீ சுவாவால் பயமில்லை. அந்த அரிசியையே மாத்திரையாக்கி ‘இயற்கை’ என்று விற்கிறார்களே, கொலஸ்ட்ரால் மாத்திரையோடு அதையும் சேர்த்து விழுங்கினால் இரட்டை மருந்து. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.