உங்களுக்குத் தெரியுமா? பழநிக் கோயிலில் பணியாற்றிய பத்ம பூஷண்

நாட்டின் மூன்றாவது உயரிய குடிமக்கள் விருதான பத்ம பூஷணை 2009-இல் பெற்ற மரபுக் கட்டடக் கலைஞர் வை. கணபதி ஸ்தபதி, நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பழநி முருகன் கோயிலில் ஸ்தபதியாக வேலை பார்த்தவர். பிறந்தது 1927-இல், பிள்ளையார்பட்டியில். படித்தது கணிதம். பழநிக்குப் பிறகு மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்குப் போய், தந்தை வைத்தியநாத ஸ்தபதியின் வழியில் அதன் முதல்வரானார்.

சென்னை வள்ளுவர் கோட்டம் அவர் வடிவமைத்ததே. ஆனாலும் அவருடைய உச்சம், 2000-இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலைதான். அதன் மொத்த உயரமான 133 அடியிலும் கணக்கு இருக்கிறது: அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்கு 95 அடிச் சிலை. எவ்வளவு அழகான யோசனை! அடுத்த முறை குமரிக்குப் போனால், பீடம் முடிந்து பாதம் தொடங்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள்.