கோத்திஹா பாலாடைக்கட்டி

கோத்திஹா பாலாடைக்கட்டி என்பது மெக்சிக்கோவில் பசும்பாலிலிருந்து செய்யப்படும், முதிரவைத்த கடினவகைப் பாலாடைக்கட்டி ஆகும். மிச்சோவாக்கான் மாநிலத்திலுள்ள கோத்திஹா என்னும் ஊரின் பெயரே இதற்கு வழங்குகின்றது. இது உப்புச்சுவை மிக்கது, எளிதில் உதிரக்கூடியது. நன்கு முதிர்ந்த கட்டியைத் துருவியே பயன்படுத்த இயலும் என்பதால், இதனை இத்தாலியின் பார்மிசான் பாலாடைக்கட்டியுடன் ஒப்பிடுவர்.

தோற்றம்

மெக்சிக்கோவில் முற்காலத்தில் மாடுகள் இருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் எசுப்பானியர்களே மாடுகளையும் பாலாடைக்கட்டி செய்யும் முறையையும் அங்கு கொண்டுவந்தனர். மிச்சோவாக்கான், ஹலிஸ்கோ மாநிலங்களின் எல்லையிலுள்ள மலைப்பகுதிப் பண்ணைகளில் இக்கட்டி மரபாகச் செய்யப்பட்டு வருகின்றது.

செய்முறை

மேய்ச்சல் நிலங்கள் செழித்திருக்கும் மழைக்காலத்தில், ஏறத்தாழ சூலை முதல் அக்டோபர் வரை, இது செய்யப்படுகின்றது. காய்ச்சாத பால் ரென்னெட் என்னும் நொதியால் உறைய வைக்கப்படும். உறைந்த பாலை வெட்டி, நீரை வடித்து, உப்பிட்டுப் பிசைந்து, அச்சிலிட்டு அழுத்துவர். ஒரு வட்டு ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ளது. பின்னர் அது குறைந்தது மூன்று மாதங்கள் முதிரவைக்கப்படும். நீர் குறைதல், உப்பு, இலாக்டிக் அமிலம் ஆகிய மூன்றும் சேர்ந்து தீங்கான நுண்ணுயிர்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே, முதிரவைத்தல் சுவைக்காக மட்டுமன்றி, பாலைக் கெடாமல் காப்பதற்கான வழியும் ஆகும்.

பெயர்ச் சிக்கல்

தொழிற்சாலைகளில் கிருமிநீக்கிய பாலைக்கொண்டு செய்யப்படும், நீண்டநாள் முதிராத வெண்ணிறக் கட்டிகளும் இதே பெயரில் விற்கப்படுகின்றன. மலைப்பகுதி உற்பத்தியாளர்களுக்கு 2005இல் மெக்சிக்கோவில் கூட்டு வணிகக்குறி வழங்கப்பட்டது. எனினும், கோத்திஹா என்ற பெயரைப் பிறர் பயன்படுத்துவதை அது தடுக்கவில்லை. எனவே ஒரே பெயரில் இருவேறு பொருள்கள் சந்தையில் உள்ளன. மரபுவழிக் கட்டியைச் செய்வோர், குறைந்த செலவில் விரைவாக உருவாகும் பொருளுடன் போட்டியிட வேண்டியுள்ளது.

பரிமாறும் முறை

இக்கட்டி சூடேற்றினால் மென்மையாகுமே தவிர, இழையாக உருகுவதில்லை. ஆதலால் சமைத்து முடித்த உணவின்மீது இறுதியில் தூவப்படுகின்றது. சுட்ட மக்காச்சோளக் கதிரில் மயோனைசு தடவி, இதனைத் தூவி, மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து உண்பது மெக்சிக்கோவில் பரவலான வழக்கம். மசித்து வதக்கிய பீன்சு, டாக்கோ, என்சிலாடா, சூப்பு, சாலட் ஆகியவற்றிலும் சேர்ப்பர். முதிர்ந்த கட்டியை மெல்லியதாகத் துருவுதலும், இளங்கட்டியைக் கையால் உதிர்த்தலும் ஏற்றது. இதில் உப்பு மிகுதியாதலால், உணவைச் சமைக்கும்போதே உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.