குதிரையின் கால் வீக்கமும் அதன் காரணமும்

கடல் வழியாக வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவோ, பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகள் பேணத் தெரிந்தவர் இன்மையால் விரைவில் மடிந்தன என்று கூறினார். குதிரையை வாங்குவது எளிது, பேணுவதே அரிது. இவ்வுண்மையை விளக்க, சவாரிக் குதிரைகளுக்கு அடிக்கடி உண்டாகும் கால் வீக்கம் ஒன்றே போதும்.

குதிரையின் காலமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். முன்காலின் முழங்காலுக்குக் கீழும், பின்காலில் பின்னோக்கிப் புடைத்து நிற்கும் மூட்டுக்குக் கீழும் தசை இல்லையென்றே கூறலாம். எலும்பும் தசைநாண்களும் தோலுமே அங்கு உள்ளன. மனிதனுக்குக் கெண்டைக்கால் தசை சுருங்கிக் குருதியை மேலேற்றுகிறது. குதிரைக்கு அப்பணியைச் செய்ய உதவுவது குளம்பு. ஒவ்வோர் அடியிலும் குளம்பு தரையில் அழுந்த, அதனுள் இருக்கும் குருதி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. நிணநீரும் காலின் அசைவாலேயே மேலேறுகிறது. ஆதலின் நடை நின்றால் நீர் தேங்கும்.

மேய்ச்சல் நிலத்தில் குதிரை நாள் முழுதும் நடந்துகொண்டே மேயும். அதனை இரவு முழுதும் லாயத்தில் கட்டிவைத்தால் காலையில் பின்கால்கள் இரண்டும், சில வேளைகளில் நான்கும், தூண்போல் பருத்திருக்கும். இவ்வீக்கத்தில் சூடும் வலியும் இரா. விரலால் அழுத்தினால் குழி விழும். சிறிது நேரம் நடத்தினால் பெரும்பாலும் வடிந்துவிடும். இதற்கு மருந்து நடையே. நாள்தோறும் திறந்த வெளியில் விடுதலும், வேலையில்லாத நாளில் ஓட்ஸ் முதலிய தானியத்தைக் குறைத்துப் புல்லையே மிகுதியாகத் தருதலும் வீக்கம் மீண்டும் வாராமல் காக்கும்.

ஆனால் எல்லா வீக்கமும் இத்தகையதன்று. ஒரு காலில் மட்டும், முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் வில்போல் வளைந்து புடைத்துச் சுடுமாயின், தசைநாண் அறுந்திருக்கக்கூடும். அதனை நடக்கவைப்பது புண்ணைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். அங்கே வேண்டுவது ஓய்வு. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சில முறை 15 அல்லது 20 நிமிடம் குளிர்ந்த நீரைப் பாய்ச்சுதல் நலம். முழுதும் ஆறப் பல மாதங்கள் ஆகும்.

மற்றொன்று, ஒரு பின்கால் திடீரெனத் தொடைவரை வீங்கி, தொடவும் பொறாத வலியோடு காய்ச்சலும் காண்பது. நிணநீர்க் குழாய்களின் அழற்சி இது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் முழுத் தீனியும் பெற்ற வண்டிக் குதிரைகளிடம் மறுநாள் காணப்பட்டதால், மேலை நாட்டார் இதனைத் 'திங்கட்கிழமைக் கால்' என்றழைத்தனர். சிறு காயத்தின் வழியே கிருமி புகுந்தாலும் இத்தகைய வீக்கம் உண்டாகும். குதிரையின் இயல்பான வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு வரை இருக்கும். அதனைத் தாண்டினாலோ, குதிரை நொண்டினாலோ, உடனே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். காலந்தாழ்த்தினால் கால் என்றுமே பழைய அளவுக்குத் திரும்பாமற் போகலாம்.

கட்டுப் போடுவதிலும் கவனம் வேண்டும். பஞ்சுத் திண்டு வைத்து, அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்கும்படி சுற்ற வேண்டும். ஓரிடத்தில் இறுகிய கட்டு தசைநாணையே கெடுத்துவிடும். நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்துக் கட்டுவதே முறை.

கண்ணுக்கு எல்லாம் வீக்கமே. எனினும் ஒன்றுக்கு நடை மருந்து, மற்றொன்றுக்கு நடை நஞ்சு. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் தொடங்குக என்று வள்ளுவர் வகுத்த முறை, வாய் பேசாத இவ்வுயிருக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். காலையில் லாயத்துக்குச் செல்பவர் சேணத்தை எடுக்குமுன் நான்கு கால்களையும் கையால் தடவிப் பார்ப்பாராயின், குதிரை சொல்ல இயலாததை அவர் கை அறிந்துகொள்ளும்.