ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கடைசல் பட்டறைகளில் விரல் போனவர்கள் பலரும் ஆஸ்பத்திரியில் சொல்வது ஒரே கதை: "வண்டியிலிருந்து விழுந்துட்டேன்." பக்கத்தில் முதலாளி நின்றிருப்பார். கிடைக்க வேண்டிய இழப்பீடு அந்த ஒரு பொய்யிலேயே பாதி போய்விடுகிறது.

டிராக்டர் புஷ், போர் மோட்டார் ஷாஃப்ட் எனச் சாதாரணமாகக் கடையும்போது லேத்தில் கேரியேஜை நகர்த்துவது ஃபீட் ராட். மரை வெட்ட மட்டுமே ஹாஃப் நட்டை மூடி லீட் ஸ்க்ரூவைப் பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 சுற்று, சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீட் என்றால் டூல் நிமிடத்துக்கு 20 மி.மீ. நகரும். அதே சுற்றில் 2 மி.மீ. பிட்ச் மரைக்கு 200 மி.மீ. லீவர் மாறி விழுந்தால் பத்து மடங்கு வேகம். சக்கில் மோதுமுன் கை சுதாரிக்காது. ஃபீட் லீவரும் ஹாஃப் நட் லீவரும் சேர்ந்து விழாமல் தடுக்கும் பூட்டு பழைய மெஷின்களில் தேய்ந்து கிடக்கிறது. பாரம் ஏறினால் உடைவதற்கென்றே வைத்த ஷியர் பின்னுக்குப் பதில் கையில் கிடைத்த போல்ட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். இதைச் சிக்கனம் என்று சொல்கிறவரை என்ன செய்வது?

லீட் ஸ்க்ரூ மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று அதன் மேல் குனிந்து இரும்புச் சுருளை அள்ளுகிறார்கள். மெதுவாகச் சுற்றினாலும் தோளில் கிடக்கும் துண்டைப் பிடித்தால் விடாது. துண்டு, லுங்கி, தொங்கும் சட்டைக்கை எதுவும் கூடாது. மெயின் சுவிட்சை அணைக்காமல் கியர் மூடியைத் திறக்காதீர்கள். மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால், "பட்டறையில், லேத்தில் அடிபட்டது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அது விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏறும். அந்த ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே படித்துப் பாருங்கள். மூடியை மறுபடி மாட்டுவதற்குள் மெஷினைப் போட்டோ எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்று, வயதுச் சான்று, சம்பளம் வந்த ஜிபே பதிவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலாளிக்கு எழுத்தில் தகவல் தந்து ஒப்புகையை வைத்திருங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. அது இல்லாத பட்டறையில் ஊழியர் இழப்பீடு. கரண்டில் மெஷின் ஓடினால் இரண்டு பேர் பட்டறைக்கும் உண்டு. 1923-இன் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, உரிமை போகவில்லை. "சட்டம் மாறிடுச்சு, அப்புறம் வாங்க" என்று யாராவது திருப்பி அனுப்பினால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். 25 வயதுக்காரருக்கு ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத இழப்பு. 15,000 ரூபாய் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக் காரணி 216.91-ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுத்தால் சுமார் 2.73 லட்சம். கையில் 20,000 ரூபாயைத் திணித்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"உன் கவனக்குறைவு" என்பது தப்பிக்கும் வழியல்ல. குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு மூடியைக் கழற்றியது, சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது என்றால்தான் சிக்கல். உயிர் போனாலோ, முழு நிரந்தர ஊனமானாலோ அதுவும் தடையாகாது.

ஊழியர் இழப்பீட்டு மனு போக வேண்டியது தாலுகா ஆபீசுக்கல்ல. தொழிலாளர் துறையில் இழப்பீட்டு அதிகாரம் பெற்ற இணை அல்லது துணை ஆணையருக்கு. உங்கள் ஊர் யாருக்குக் கீழே வருகிறது என்று விருதுநகர் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு பதிவாகியிருக்க வேண்டும். பணம் ஒரு மாதத்துக்குமேல் தாமதமானால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி கேட்கலாம். மனுவிலேயே அதையும் எழுதிவிடுங்கள்.