ஹந்தானைப் பாதங்களை யாரோடு ஒப்பிடுவது?

ஹந்தானை மலைச் சரிவில் வெறுங்காலோடு தேயிலைக் கொழுந்து பறிப்பவரும் கண்டிக் கடையொன்றில் நாள் முழுதும் சப்பாத்தோடு நிற்பவரும் பாத அழுத்தத்தை அளக்கும் ஒரே பலகையை மிதித்தால், கணினி இருவருக்கும் சிவப்பும் நீலமுமாக ஒவ்வொரு படம் தரும். அழுத்தம் மிகுந்து சிவப்பு கூடியவருக்கே கோளாறு என்று சொல்லிவிட மனம் துடிக்கும். ஆனால் அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது. உடல் எடை, பாதத்தின் அகலம், நடையின் வேகம் ஆகியவற்றில் எது மாறினாலும் கிலோபாஸ்கல் கணக்கும் மாறிவிடும். உள்ளங்காலில் தடித்த காய்ப்பைச் சீவி எடுத்ததுமே அவ்விடத்து உச்ச அழுத்தம் ஏறத்தாழக் கால்வாசி குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே ஆளின் எண்ணே இப்படி ஏறி இறங்கும்போது, இருவரின் எண்களை அப்படியே பக்கத்தில் வைப்பதில் பொருளில்லை. அழுத்தம் பாதத்தில் எப்படிப் பரவுகிறது என்பதையே ஒப்பிட வேண்டும். அதையும் ஒத்த வாழ்க்கை உள்ளவர்களுக்குள்தான் செய்ய வேண்டும்.

இதற்கு நம் பக்கத்துச் சான்றே உண்டு. மணிப்பால் மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 2300 சிறுவர்களின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட முடிவில், காலணி அணிந்தவர்களிடம் தட்டைப்பாதம் 8.6 வீதம், அணியாதவர்களிடம் 2.8 வீதம். 2009இல் பெல்ஜிய ஆய்வாளர் டவுட்டும் குழுவினரும் வெறுங்காலோடு பழகிய இந்தியர்களை, காலணி அணியும் இந்தியர்களோடும் மேற்கத்தியரோடும் ஒப்பிட்டனர். வெறுங்காலர்களின் பாதம் அகன்றிருந்தது; அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவியிருந்தது. ஆக, சப்பாத்துக்குள் வளர்ந்த பாதங்களிலிருந்து எடுத்த 'இயல்பு' அட்டவணை தோட்டத்துப் பாதத்துக்கு அளவுகோலாகாது. ஆய்வுக்கூடத் தரையோ சமதளம். கூடையைச் சுமந்தபடி மலையேறி இறங்கும் பாதத்தின் உழைப்பு அதில் பதிவாகவே ஆகாது.

அப்படியானால் நீரிழிவு நோயாளிக்கு 200 கிலோபாஸ்கல் என்று சர்வதேச வழிகாட்டி சொல்கிறதே, அது எல்லோருக்கும் பொதுவான எண்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த எண், உணர்விழந்த காலில் புண் திரும்பாதிருக்கக் காலணிக்குள் அழுத்தம் எவ்வளவுக்குள் அடங்க வேண்டும் என்ற சிகிச்சை இலக்கு. வெறுங்காலில் இத்தனைக்கு மேல் போனால் புண் வரும் என்று தெளிவான கோடு எதுவும் கிடைக்கவில்லை. வேலூரில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் காரணத்தைக் காட்டினார்: வலி தெரிந்தவர் தம்மையறியாமல் மிதியை மாற்றிக்கொள்கிறார், தெரியாதவர் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை மிதிக்கிறார். அதனால்தான் வெறுங்கால் நடை நல்லது என்று நான் பொதுவாகச் சொல்ல மாட்டேன். நீரிழிவால் காலில் உணர்வு குன்றிய தோட்டத் தொழிலாளிக்கு அது ஆபத்து. அவருக்குத் தேவை பாதுகாப்பான காலணி.

இந்தச் சோதனைகளுக்குச் செலவாகும் என்று காரணம் காட்டுவோரும் உண்டு. ஆனால் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வைச் சோதித்துவிடலாம். அழுத்தம் எங்கே குவிகிறது என்று பார்க்க, 1947இல் வெளியான கனடாவின் இராணுவப் பாத ஆய்வில் பயன்பட்ட, சுவட்டைப் பதியும் ஹாரிஸ் மைவிரிப்பே போதும், மின்சாரம்கூட வேண்டாம். இதற்குக் கைகொடுக்க, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் பொறியியல் பீடமும் இதே ஹந்தானை மலையடிவாரத்தில் இருக்கின்றன. தோட்டத்துக் கிளினிக்கில் ஒவ்வொருவருக்கும் வலது இடது பாதச் சுவடுகளை எடுத்து வைத்து, அடுத்த ஆண்டு அதே ஆளின் சுவட்டோடு ஒப்பிடுவதை முதலில் தொடங்கலாம்.