சேதுக்கரைச் சித்திரங்கள் – 14: கம்பும் காலடியும்

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். தம்முடைய பத்து வயது மகளுக்கு ஏதேனும் ஒரு தற்காப்பு வித்தை பயிற்றுவிக்க வேண்டுமென்று ஆசை; ஊரில் சிலம்பக் கூடம் ஒன்றும் கராத்தே வகுப்பு ஒன்றும் நடக்கின்றன; இரண்டின் வாசலிலும் பதக்கங்களும் கேடயங்களும் வரிசையாகத் தொங்குகின்றன; எதை நம்பிக் குழந்தையை ஒப்படைப்பது என்று கேட்கிறார். இந்த வாரம் பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் தொண்டி முதல் சாயல்குடி வரையில் இந்தக் கரையோரத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் பலரும் இன்று இதே சந்தேகத்தோடுதான் கூடத்து வாசலில் நிற்கிறார்கள்.

இராமநாதபுரம் சீமையில் கம்பு கற்பிக்க முன்வருகிறவர் முதலில் எடுத்துச் சொல்வது பரம்பரைப் பெருமையை. அது பொய்யான பெருமையன்று. 1730-இல் இராமநாதபுரத்தில் சேதுபதியின் புதல்வியாகப் பிறந்து, ஆண்மக்களுக்குரிய ஆயுதப் பயிற்சிகளையெல்லாம் பெற்று வளர்ந்த வேலு நாச்சியார், 1772-இல் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னரான தம் கணவர் முத்துவடுகநாதரை இழந்து, எட்டாண்டுக் காலம் படை திரட்டக் காத்திருந்து, 1780-இல் சிவகங்கையை மீட்டெடுத்தார். சிவகங்கைச் சீமையின் மருது சகோதரருள் இளையவரான சின்ன மருதுவிடமே தாம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலாகக் கற்றுக்கொண்டதாக, 1801-இல் அதே மருதுவை எதிர்த்துப் போரிட்ட கும்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1830-இல் வெளிவந்த தம்முடைய இராணுவ நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களில் சேதுபதியின் படை தஞ்சை மராத்தியப் படையோடு பொருதும் காட்சியை இன்றும் காணலாம். இவ்வளவு சரித்திரமும் இந்த மண்ணுக்குச் சொந்தமே.

ஆயினும் மண்ணுக்குச் சொந்தமான கீர்த்தி, அந்த மண்ணில் நிற்கும் ஒவ்வோர் ஆசானுக்கும் அத்தாட்சிப் பத்திரமாகிவிடாது. 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதன் பின்னர், தென்பாளையங்களில் எவரும் ஆயுதம் வைத்திருத்தலாகாது என்று கும்பெனி அரசு ஆணை பிறப்பித்தது. வேலும் வாளும் துப்பாக்கியும் போயின. ஆட்டிடையன் கையிலும் வண்டிக்காரன் கையிலும் இருந்த கம்பை எந்த ஆணையாலும் பறிக்க முடியவில்லை. அந்தக் கம்பு பிறகு கோவில் திருவிழாவிலும் சந்தனக்கூட்டு ஊர்வலத்திலும் கூட்டத்தின் நடுவே சுழன்றே உயிர் தரித்தது என்பதும், அதனாலேயே எதிரியின் அடியைத் தடுக்கும் போர்ச் சிலம்பம் மெலிந்து, காண்போர் கண்ணைப் பறிக்கும் அலங்காரச் சிலம்பம் செழித்தது என்பதும் என் எண்ணம். ஆகவே ‘நாங்கள் மருது பாண்டியர் வழி’ என்று ஒருவர் சொல்லும்போது அதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம். அதைக் கொண்டு அவருடைய வகுப்பை எடைபோட முடியாது. எடைபோடுவதற்குக் கண்ணெதிரே இருக்கும் பொருள் வேறு.

அந்தப் பொருள் மாணவருடைய பாதங்கள். கம்பு சுழலும் வேகத்தைக் கண்டு மயங்காதவர் அபூர்வம். நாமும் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் நல்ல கூடங்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் கையில் உடனே கம்பைக் கொடுத்து வீசச் சொல்ல மாட்டார்கள். தரையில் கோடு கிழித்து, அதன்மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடியெடுத்து வைக்கும் காலடி வரிசையை, பிள்ளைக்கு அலுப்புத் தட்டும்வரை, சில சமயம் பெற்றோருக்கும் அலுப்புத் தட்டும்வரை, பழக்குவார்கள். உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, திரும்பும்போது அது எப்படி மறு காலுக்கு மாறுகிறது என்பது தேகத்தில் ஊறாதவனுடைய கம்பு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், எதிரே ஒருவன் நுழைந்த கணத்தில் தடுமாறிப்போகும்.

தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில் இதை நேரில் பார்த்தேன். அலையடிக்கும் மணலில் அல்லாமல், கரைக்குச் சற்று மேலே சாணம் தெளித்து மிதித்து இறுக்கிய தரையில் வகுப்பு நடந்தது. உதிரி மணலில் ஆடினால் தொடை வலுக்குமே தவிர, குழந்தைகளின் கணுக்கால் பிசகிக்கொள்ளும் என்று ஆசான் காரணம் சொன்னார். எட்டு வயதுக்கு மேலிராத ஒரு சிறுமி, கம்பை நேர்த்தியாகவே சுழற்றினாள். அவர் கம்பைப் பார்க்கவேயில்லை. குனிந்து அவளுடைய பின்னங்காலின் குதிகாலுக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. “முளைக்குச்சி அடிச்ச மாதிரி நிக்காத தாயி, குதிய லேசா எடு” என்றார். அவள் எடுத்ததும் அதே விரல்கள் நுழைந்தன. “இப்பத் திரும்பு” என்றார். அதுவரை இடுப்பிலேயே முறுக்கிக்கொண்டு திரும்பிய குழந்தை, பாதத்தின் முன்பகுதியில் சுலபமாகத் திரும்பினாள். அவரைச் சுற்றி நின்ற பெரிய பையன்கள் யாரும் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். ஒரு வகுப்பின் தராதரம் எனக்கு அங்கே விளங்கிவிட்டது.

காலுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, இருவர் எதிரெதிரே நின்று ஆடும் தொடுமுறை. நாள் முழுதும் தனியே வீச்சுப் பழகிவிட்டு, ஒருவரையொருவர் தொடாமலே கலைந்துபோகும் வகுப்பில் தேகாப்பியாசம் உண்டு, நளினம் உண்டு, தற்காப்பு இல்லை. இதைப் பற்றி ஜப்பானில் நடந்த ஒரு செய்தி நமக்கு மிகவும் உபயோகமானது. 1882-இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற பௌத்த ஆலயத்தில் இருபத்திரண்டு வயது நிரம்பாத ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுத்சு வித்தையைச் சீர்திருத்தி ஜூடோவைக் கற்பிக்கத் தொடங்கியபோது, உயிருக்கும் உறுப்புக்கும் கேடு விளைக்கும் பிரயோகங்களைச் சாதாரணப் பயிற்சியிலிருந்து விலக்கிவைத்தார். விலக்கியதன் பலன் யாதெனில், எஞ்சிய பிடிகளை மாணவர்கள் முழு பலத்தோடு, இணங்கி விழாமல் எதிர்த்து நிற்கும் ஒருவன்மேல், தினந்தோறும் பழக முடிந்தது. கொடிய வித்தையைக் கற்பனையில் மட்டும் வைத்திருப்பவனைவிட, சாது வித்தையை எதிர்ப்பின் நடுவே ஆயிரம் தடவை செய்து பார்த்தவனே தேர்ந்தவன் என்ற உண்மையை அவர் பிரத்தியட்சமாகக் காட்டினார்.

நம்முடைய பெரியவர்களும் இதை அறியாதவர்களல்லர். கம்பு நுனியில் நிறப்பொடியைத் தடவிக்கொண்டு ஆடி, யார் உடம்பில் எத்தனை பொட்டு விழுந்திருக்கிறது என்று எண்ணி வெற்றி தோல்வியை முடிவு செய்யும் வழக்கம் இருந்தது. பலமாக அடிப்பதல்ல, தொட்டுவிட்டு நிறுத்துவதே வித்தை என்று அந்த ஏற்பாடு மாணவனுக்குக் கற்பித்தது. ஆகவே கூடத்துக்குப் போகிறவர், சண்டைப் பயிற்சி நடக்கும் நாளைக் கேட்டறிந்து அன்றைக்கு அவசியம் போகட்டும். பெரியவன் சின்னவனோடு ஆடும்போது கையை அடக்கிக்கொள்கிறானா? முட்டியில் அடிபட்ட பிள்ளை கம்பைக் கீழே போட்டால், ஆட்டம் அந்தக் கணமே நிற்கிறதா, அல்லது ‘இதுக்கே அழுகையா’ என்ற ஏளனம் பிறக்கிறதா? தலைக்கும் மார்புக்கும் கவசம் உண்டா? ஆட்டம் தொடங்குமுன் கம்புகளை யாராவது கையில் தடவிப் பார்க்கிறார்களா? கணுக்கள் செதுக்கப்படாமலும் நுனி பிளந்தும் இருக்கும் மூங்கிலின் ஒரு சிராய் போதும், கண்ணைக் கெடுக்க. கம்பை எண்ணெய் தடவி, கற்றுக்கொள்ளும் பிள்ளையின் உயரத்துக்கேற்ப அறுத்து, சுவரோரம் ஒழுங்காகச் சாத்திவைத்திருக்கும் கூடத்தில் மற்றக் காரியங்களும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்.

வர்மத்தின் பெயரைச் சொல்லி ஆசை காட்டுகிறவர்களிடம் மிக்க ஜாக்கிரதை வேண்டும். வர்மம் என்பது தென்னாட்டு வைத்தியத்தோடு பின்னிப்பிணைந்த ஆழ்ந்த சாஸ்திரம். அதை அறிந்த பெரியவர்கள் சிஷ்யனின் குணத்தை நெடுங்காலம் சோதித்த பிறகே வாய் திறந்தார்கள். மூன்று மாத வகுப்பில் ‘ஒரே தட்டில் ஆளைச் சாய்க்கும் இரகசியம்’ கற்றுத்தருவதாக ஒருவர் சொன்னால், அவரிடம் அந்தச் சாஸ்திரம் இல்லை என்று கொள்ளலாம். இருந்திருந்தால் அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

இனி வாசலில் தொங்கும் பதக்கங்களைப் பற்றி. சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம் பிறந்திருக்கிறது என்பதில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி உண்டு. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்குரிய 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் கம்பேந்தி நிற்கிறார்கள். ஆனால் இந்த நல்ல காலத்தோடு சான்றிதழ் மோகமும் வந்து சேர்ந்துவிட்டது. கட்டணம் செலுத்தினால் யாரோ ஒரு நிறுவனம் ‘உலக சாதனை’ என்று அச்சடித்துக் கொடுக்கிறது. அதற்காக ஆறு வயதுப் பிள்ளையை ஆணிப் பலகையின்மீதும் மண்பானையின்மீதும் நிறுத்தி, மணிக்கணக்கில் வெயிலில் கம்பு சுற்ற வைக்கிறார்கள். தோள் மூட்டு இன்னும் வலுப்பெறாத பருவத்தில் அந்தக் குழந்தை படும் வேதனையை மேடையிலிருப்பவர்கள் கைதட்டலில் மறந்துவிடுகிறார்கள். சிறு பிள்ளைகள் கையில் தீப்பந்தமும் சுருள்வாளும் கொடுப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அப்படிப்பட்ட கூடத்திலிருந்து உங்கள் மகளை விலக்கிவையுங்கள் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கராத்தே வகுப்புக்கும் இதே உரைகல்தான். அந்நிய வித்தை என்பதற்காக அதைக் குறைத்து மதிக்க வேண்டுவதில்லை. ஒகினாவாத் தீவிலிருந்து வந்த அந்தக் கலையில் நேர்மையாக உழைக்கும் ஆசிரியர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. பெல்ட்டின் நிறம் மாறும் வேகத்தையும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வசூலிக்கும் தேர்வுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

பெண்குழந்தையைச் சேர்ப்பவர்கள் கேட்கக் கூச்சப்படும் விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் ஓரமாக அமர்ந்து பார்ப்பதை ஆட்சேபிக்கும் கூடத்தில் சேர்க்கவே வேண்டாம். ‘பயிற்சி இரகசியம்’ என்ற காரணத்தை ஏற்க வேண்டாம். நிலையைத் திருத்தும்போது ஆசான் கம்பு நுனியால் சுட்டுகிறாரா, கையால் தொடுகிறாரா, தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா என்று பாருங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண்குழந்தைகளோடு பெண் ஒருவர் துணை போகிறாரா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். குழந்தைகளைக் காக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது. அதன் பெயரைக் கேட்டு நல்ல ஆசான் முகம் சுளிக்க மாட்டார்.

இன்னொன்று, இந்த மாவட்டத்துக்கே உரியது. 1957-இல் முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரத்தில் இரத்தம் சிந்திய சீமை இது. இங்கே ஒரு பிள்ளையின் கையில் கம்பைக் கொடுப்பது அற்ப காரியமன்று. கூடத்தின் சுவரில் எல்லாருக்கும் பொதுவான தலைவர்களின் படங்கள் இருக்கின்றனவா, ஒரே சாதியின் கொடி நிறம் மட்டும் பனியனிலும் தலைப்பட்டையிலும் ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். மீனவக் குப்பத்துப் பையனும், கீழக்கரைத் தெருவின் முஸ்லிம் பையனும், ஊருக்கு வெளியே குடியிருப்பிலிருந்து வரும் பையனும் ஒரே வரிசையில் நின்று, ஒருவருக்கொருவர் சலாம் வரிசை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்களாயின், அங்கே கற்பிக்கப்படும் வீச்சில் ஏதேனும் குறை இருந்தாலும் நான் அந்தக் கூடத்தையே விரும்புவேன். வீச்சின் குறையை வேறோர் ஆசான் பின்னால் திருத்திவிடலாம். பத்து வயதில் மனத்தில் விழுந்த பேதத்தைத் திருத்துவது அத்தனை சுலபமன்று.

கடைசியாக, பழைய மாணவர்கள். ஒரு கூடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட, கற்று முடித்தவர்கள் திரும்ப வருகிறார்களா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மற்ற ஊர்களில் இதைக் கண்டறிவது சிரமம். நம் கரையில் அதற்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். மற்ற நாட்களில் கடலிலும் வலையிலும் கிடக்கும் இளைஞர்கள் அப்போது கரையில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் மே மாதம் விடுமுறை. மண்டபத்து அன்பர் அவசரப்படாமல் அதுவரை பொறுத்திருந்து, மே மாதத்து மாலைகள் சிலவற்றில் மகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். படகு வேலைக்குப் போய்விட்ட இருபத்தைந்து வயது ஆட்கள் கட்டணமும் கட்டாமல், போட்டியும் எதிரில் இல்லாமல், பழைய கம்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, சின்னஞ்சிறுசுகளுக்குக் காலடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்களானால், அன்றே மகளின் பெயரைப் பதிந்துவிடலாம்.

(தொடரும்)